வாத்துக் குரல்

ஜாம் பாட்டிலில் லேபிள் ஒட்டாத வீட்டை நான் நம்புவதில்லை. உள்ளே இருப்பது பிளம்மா, பிளாக்பெர்ரியா, எந்த மாதம் காய்ச்சியது என்று வெளியில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திறந்து நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது நாகரிகம் இல்லை. இதோ பார், ஹெதர். 'பிளம், செப்டம்பர்'. பச்சை மை. பதினைந்து வயதிலிருந்து எனக்கு ஒரே மைதான். ஆகவே நீ கொண்டுவந்திருக்கும் டேப் பெட்டியின் மேல் இருப்பது யாருடைய கையெழுத்து என்று நாம் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. என்னுடையதுதான்.

உன் ஃபோன் பதிவு செய்கிறதல்லவா? ஃப்ரிட்ஜ் பக்கம் வேண்டாம், இரைச்சல் விழும். இந்தச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வை. டோஸ்ட் எடுத்துக்கொள்.

முறையாகவே சொல்லிவிடுகிறேன். என் பெயர் நைஜல் பிரதர்டன். வயது அறுபத்தைந்து. 'பேப்பர் அட்மிரல்ஸ்' குழுவின் கீபோர்ட்காரன். உன் அப்பா ஆட்ரியன் கோல்டிங்கின் நண்பன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று உன்னைக் கையில் ஏந்தியவன். நீ என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்த டேப் எப்படி மாறியது என்பது ஒன்று. போன சனிக்கிழமை உன் அப்பாவின் மைக் ஏன் செத்துப்போனது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் அதிலுள்ள நியாயம் உனக்குப் புரியும்.

நாங்கள் மூவரும் கிரிம்ஸ்பியில் மீன் ஆலையில் வேலை பார்த்தோம். பெல்ட்டில் வரும் ஃபிஷ் ஃபிங்கர்களைப் பெட்டிக்குப் பத்தாக அடுக்க வேண்டும். நான், மோ என்று நாங்கள் கூப்பிடும் மோரீன், உன் அப்பா. உன் அப்பா அடுக்கிக்கொண்டே பாடுவான். சத்தமாகக்கூடப் பாட மாட்டான். ஆனாலும் பெல்ட் நின்றுபோகும். மேற்பார்வையாளர் திட்டுவதற்கென்றே விறுவிறுவென்று வருவார். வந்தவர் கதவோரமாக நின்றுவிடுவார். எனக்கு அப்போது இசை பற்றி அதிகம் தெரியாது, ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் கையிலிருக்கும் மீனின் குளிர் தெரியாது. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. இதைப் பதிவில் வைத்துக்கொள்.

ஆக, குழு அமைத்தோம். மோ பாஸ் கிட்டார். மேளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, ஒரு மெஷின் வாங்கி அதற்கு டோரிஸ் என்று பெயர் வைத்தோம். டோரிஸ் தாமதமாக வராது, குடிக்காது, குழுவை விட்டுப் போகிறேன் என்று சொல்லாது. மனிதர்களிடமும் அதே ஒழுங்கை எதிர்பார்த்தது என் பலவீனம் என்று வைத்துக்கொள். மாலுமிக் கோட்டு, பேப்பரில் மடித்த தொப்பி, ஹேர் ஸ்ப்ரே. வேனில் எங்களுக்கு மூன்று இருக்கை என்றால் எங்கள் முடிக்கு இன்னும் மூன்று வேண்டியிருந்தது. முதல் பாட்டு விற்பனைப் பட்டியலில் பத்தொன்பதாம் இடம் வரை போனது. இரண்டாவது, ஆறாம் இடம். ஊரில் மீன் வறுக்கும் கடைக்காரர் எங்களுக்கு மட்டும் உருளைக்கிழங்கை இரண்டு கரண்டி கூடப் போட்டார். அதைவிடப் பெரிய புகழ் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவது பாட்டு 'ஹம்பர் லைட்'. அது உனக்குத் தெரியும். உலகத்துக்கே தெரியும், துரதிர்ஷ்டவசமாக.

அதைப் பதிவு செய்த வாரம் உன் அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல். பாடகர் இல்லாவிட்டாலும் வாத்தியங்களைப் பதிவு செய்தாக வேண்டும். எங்கே சரணம் வருகிறது, எங்கே மோ நுழைய வேண்டும் என்று தெரிவதற்காக யாராவது சும்மா பாடிவைப்பார்கள். அதற்கு ட்ராக் பாடுவது என்று பெயர். பிறகு நிஜப் பாடகர் வந்து பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். அன்றைக்கு நான் ட்ராக் பாடினேன். எனக்கு மூக்கால் வரும் குரல், அதை நீ அறிவாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார்கள்.

"டேய் நைஜல், வாத்தோட கால யாரோ பூட்ஸால மிதிச்ச மாதிரி இருக்குடா" என்றாள் மோ.

உன் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இரு மோ. சுதி சரியாத்தான் இருக்கு" என்றான்.

எனக்கு அது ஞாபகமிருக்கிறது.

அவன் குணமாகி வந்து பாடினான். என் குரல் இருந்த டேப்பை எறிந்திருக்க வேண்டும். நான் எதையும் எறிவதில்லை. பெட்டியில் போட்டு லேபிள் எழுதினேன்: 'ஹம்பர் லைட். ட்ராக் குரல், நைஜல். பயன்படுத்தக் கூடாது.' நீ உரித்துக் கண்டுபிடித்திருக்கும் அடி லேபிள் அதுதான். மேல் லேபிளைக் கெட்டில் ஆவியில் காட்டி ஓரம் கிழியாமல் உரித்திருக்கிறாய், நல்ல வேலை. உனக்கு ஒன்பது வயதில் ஸ்டாம்ப் சேர்த்தபோது நான்தான் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிவி நிகழ்ச்சியில் யாரும் நிஜமாகப் பாட மாட்டார்கள்; டேப் ஓடும், வாயசைப்பார்கள். ஆனால் கலைஞர் சங்கத்துக்கு ஒரு விதி. இசைத்தட்டையே போட்டு ஏமாற்றக் கூடாது; நிகழ்ச்சிக்கென்று பாட்டைப் புதிதாக, மூன்று மணி நேரத்தில், சங்கத்து ஆள் முன்னிலையில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். மூன்று வாரம் செய்த வேலையை மூன்று மணி நேரத்தில் யாராலும் செய்ய முடியாது. ஆகவே எல்லாக் குழுவும் ஒரே காரியத்தைச் செய்தது. காலையில் ஒரு மணி நேரம் மும்முரமாகப் பதிவு செய்வதுபோல் பாவனை. பிறகு மேனேஜர் சங்கத்து ஆளைப் பப்புக்கு அழைத்துப் போவார். அவர் மாட்டிறைச்சிச் சாப்பாட்டை முடிப்பதற்குள் இசைத்தட்டின் பிரதி இருக்கும் டேப் பெட்டிக்குள் வந்துவிடும். அவர் திரும்பி வந்து, "அடேயப்பா, நல்லா வந்திருக்கே பசங்களா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார். டேப்பைப் போட்டுக் கேட்க மாட்டார். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் புகார் எழுத வேண்டும். அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், டிவிக்காரர்களுக்குத் தெரியும். ஊரறிந்த ரகசியம். ஒருவர் வாய் திறந்தால் அத்தனை பேரும் காலி. ஆகவே யாரும் வாய் திறந்ததில்லை. நம் நாட்டு நாகரிகம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

எங்கள் குழுவில் டேப் மாற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. லேபிள் எழுதுகிறவன் கையில்தானே அதைக் கொடுப்பார்கள்.

அந்த ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து லொரேன் டெவிட் என்று ஓர் அம்மாள் வந்தார். பெரிய கம்பெனி. அவருக்குக் குழு தேவைப்படவில்லை. ஆட்ரியன் மட்டும் போதும். டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார். உன் அப்பா இதை மோவிடம்கூடச் சொல்லவில்லை. மீன் கடை வாசலில், வேனுக்குள் உட்கார்ந்து, என்னிடம் சொன்னான். கையிலிருந்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"நீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் போகமாட்டேன்டா."

"லூசாடா நீ? போய்ட்டு வாடா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்றுதானே பார்க்கிறாய்? நண்பன் வாழ்வில் குறுக்கே நிற்கிற ஆள் நான் இல்லை, ஹெதர். 'வேணாம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது சுயநலம். அதை என்னால் செய்ய முடியாது. ஆனால் குழு என்பது முக்காலி. ஒரு காலை எடுத்தால் மற்ற இரண்டும் தரையில். மோவுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டோரிஸுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? யாராவது ஒருவர் எல்லோரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. காலையில் சங்கத்து ஆள் ஆர்தர் ஹின்ச்லிஃப் வந்தார், பப்புக்குப் போனார், டையில் குழம்புக் கறையோடு திரும்பினார், கையெழுத்துப் போட்டார். மதிய ஒத்திகைக்கு நான் நல்ல டேப்பையே கொடுத்தேன். உன் அப்பாவின் குரல் அரங்கத்தில் ஓடியபோது விளக்குக்காரர் ஒருவர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒத்திகை முடிந்ததும் ஒலிப்பதிவாளரிடம் போய், "டேப்போட ஆரம்பம் சுருண்டிருக்கு. வேற காப்பி தர்றேன்" என்றேன். பழைய லேபிளின் மேல் புது லேபிள் ஒட்டி வைத்திருந்தேன்: 'ஹம்பர் லைட். இறுதி.' அவர் லேபிளைப் படித்தார். கையெழுத்து தெளிவாக இருந்ததால் எதுவும் கேட்கவில்லை.

ஏழு பதினெட்டுக்கு உன் அப்பா வாயைத் திறந்தான். நாட்டில் ஒரு கோடிப் பேர் வாத்தைக் கேட்டார்கள்.

அவன் கண்ணில் ஒரு நொடி மட்டும் எதுவோ தெரிந்தது. பிறகு தொடர்ந்து வாயசைத்தான், நெஞ்சில் கைவைத்து, கடைசி வரை. தொழில்காரன். மோ திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை; அவள் இன்றைக்கும் அதே பார்வைதான் பார்க்கிறாள். முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உடை மாற்றும் அறையில் நான் சொன்னேன்: "ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்துச்சு ஆட்ரியன். மாத்திக் குடுத்துட்டேன்டா."

"சரி விடு. மனுஷனுக்குத் தப்பு வராதா?" என்றான். எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தன் மாலுமிக் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டான். நடுக்கம் நடிப்பில்லை. அன்று வரை என் குரலை ஒரே சமயத்தில் ஆறு பேருக்கு மேல் கேட்டதில்லை.

மறுநாள் பத்திரிகைகள் எழுதியதைச் சொல்ல வேண்டியதில்லை. விதிப்படி அந்த டேப் அன்று காலை புதிதாகப் பாடியது. அப்படியானால் ஆட்ரியன் கோல்டிங்கின் நிஜக் குரல் வாத்துக் குரல். இசைத்தட்டில் இருப்பது ஸ்டுடியோ மோசடி. லொரேன் டெவிட் அம்மாள் விடியற்காலை விமானத்தில் போய்விட்டார்.

மறுப்பு சொல்லியிருக்கலாமே என்று நீ சின்ன வயதில் அவனிடம் அழுது கேட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது? 'அது என் குரல் இல்லை' என்றால், 'பிறகு அந்த டேப் எங்கிருந்து வந்தது?' என்பார்கள். டேப் மாற்றும் வழக்கம் அம்பலமாகும். ஆர்தர் ஹின்ச்லிஃப் ஓய்வு பெறப் பதினாலு மாதம் இருந்தது. மனைவிக்கு மூட்டுவாதம். மேனேஜர் உன் அப்பாவிடம் எவ்வளவோ கெஞ்சினார், "உண்மையைச் சொல்லித் தொலைடா" என்று.

"ஒரு கிழவர் வயித்துல அடிச்சு நான் பேர் வாங்கணுமா? வேணாம் சார்."

உன் அப்பா நல்லவன். அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முக்காலி நின்றது. இரண்டு வருடம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்பது உண்மை. பிறகு ஸ்கெக்னஸில் ஒரு விடுமுறை முகாமிலிருந்து அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை: 'ஹம்பர் லைட்' பாட வேண்டும், டிவியில் பாடிய குரலில். உன் அப்பா முயன்று பார்த்தான். அவனால் வாத்துப்போல் கத்த முடியவில்லை. எவ்வளவு மூக்கைப் பிடித்தாலும் அழகாகத்தான் வந்தது. நான்தான் வழி சொன்னேன். கீபோர்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன மைக். நான் பாடுவேன், அவன் முன்னால் நின்று வாயசைப்பான். அவன் மைக் என் காலடியில் இருக்கும் ஒரு பெடல் வழியாகப் போகும். அழுத்தினால் அவன் மைக் ஊமை. காலை எடுத்தால் பேசும். பாட்டுக்கு நடுவே அவன் ஜோக் சொல்லும்போது காலை எடுப்பேன். பாட்டில் அழுத்துவேன். மக்கள் காகித அலகு கட்டிக்கொண்டு வந்தார்கள். சோபா விளம்பரம் வந்தது. உன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப் பார்த்து 'குவாக்' என்று கத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் ஆறாவது பிறந்தநாளுக்கு நான் பஞ்சு அடைத்த வாத்து பொம்மை வாங்கி வந்தேனே, நீ அதை அடுப்பில் போட்டாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. உன் அப்பா வாயசைக்கவில்லை. "பாடாம வாய ஆட்டுனா பொய்யாத் தெரியும்டா" என்பான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், ஊமை மைக்கில், முழுக் குரலில், கண்ணை மூடி, நிஜமாகப் பாடினான். முப்பத்தொன்பது வருடம். மூன்றடி தூரத்தில் இருந்த எனக்கும் மோவுக்கும் மட்டும் கேட்கும். மோ பல தடவை மேடையிலேயே அழுதிருக்கிறாள். விளக்கு கண்ணில் படுகிறது என்று சொல்வாள். அந்த ஆலையில் பெல்ட்டை நிறுத்திய குரல் எனக்கு வாரம் இரண்டு தடவை கிடைத்தது. கொடுத்து வைத்தவன் நான் என்று நினைத்துக்கொள்வேன். என் கால் பெடலில் இருக்கும்.

வேறு வழிகள் அவனுக்கு வரவில்லையா என்று கேட்பாய். வந்தன. தொண்ணூற்றொன்றில் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்கு ஆள் தேடினார்கள். பழைய இசைத்தட்டைக் கேட்டு, அது மோசடி இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் அதன் இயக்குநர். குழுவின் ஃபோன் என் வீட்டில்தான் இருந்தது. ஆட்ரியனுக்கு நெஞ்சுச் சளி, மேடைக்கு ஒத்துவராது என்று சொன்னேன். பிறகு ஒருமுறை டர்ஹமில் ஒரு தேவாலயப் பாடகர் குழு கடிதம் எழுதியது. அதற்கு நானே நன்றி சொல்லி, வர இயலாது என்று அட்டை போட்டேன். பச்சை மையில்தான். இவற்றை மறைத்தேன் என்று சொல்லாதே. உன் அப்பா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

உன் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி; திங்கட்கிழமை அறுவை; அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளீதார்ப்ஸ் கடற்கரை மண்டபத்தில் எங்கள் கடைசி நிகழ்ச்சி. போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து நீ கேட்டாய்: "ஒரே ஒரு பாட்டு, அங்கிள். அப்பாவோட சொந்தக் குரல்ல. ஊரு ஒரு தடவ கேக்கட்டும். பெடல்ல கால வைக்காதீங்க, அவ்வளவுதான்." நான் சரி என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அவன் வாரம் முழுக்கத் தேன் குடித்தான். யாரிடமும் பேசாமல் குரலைச் சேமித்து வைத்தான். எதுவாக இருந்தாலும் சீட்டில் எழுதிக் காட்டினான். சனிக்கிழமை ஷேவ் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டான். நாலாயிரம் மேடை ஏறியவன். மோ என்னை வாசலில் மடக்கினாள்.

"டேய், அந்தக் காலக் கழட்டி சூட்கேஸ்ல வச்சிட்டு மேடைக்கு வா. ஒன்ன எனக்குத் தெரியும்."

"வாக்குக் குடுத்திருக்கேன் மோ" என்றேன்.

"அதான்டா பயமா இருக்கு."

எண்ணூறு பேர். பாதிப் பேர் அலகோடு வந்திருந்தார்கள். டோரிஸ் தாளத்தைத் தொடங்கினாள். நான் காலைப் பின்னுக்கு இழுத்து நாற்காலிக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். உன் அப்பா பாடினான். முதல் வரி மண்டபம் முழுக்கப் போனது. சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாய் திறந்தபடியே நின்றார்கள். இரண்டாவது வரியில் ஒரு கிழவர் காகித அலகைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கட்டி உள்ள தொண்டை, அறுபத்தைந்து வயது, ஆனாலும் மேற்பார்வையாளரை ஆலைக் கதவோரம் நிற்கவைத்த அந்தக் குரல் ஒரு மாற்றுக் குறையாமல் வந்தது. நீ முன்வரிசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். எனக்கும் கண் கலங்கியது. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், ஹெதர், அதை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. டிக்கெட் வாங்கி அலகு கட்டிக்கொண்டு வந்தவர்களை ஏமாற்றலாமா? எண்ணூறு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்ட் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அப்படியே போயிருந்தால் நாற்பத்தொரு வருடம் அவர்கள் வேறெந்தக் குரலையும் கேட்கவே இல்லை என்பதுபோல் ஆகியிருக்கும். யாராவது ஒருவர் எல்லோரைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

கால் வழுக்கியது என்று உன்னிடம் சொல்லலாம். சொல்லவில்லை. காலை எடுத்து வைத்து அழுத்தினேன். மூன்றாவது வரியிலிருந்து நான் பாடினேன்.

எப்படிச் சிரித்தார்கள் என்று நீயே கேட்டாய். அந்தக் கிழவர்கூட அலகை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். உன் அப்பா ஒரு தடவை திரும்பி என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மக்கள் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, கடைசி வரை பாடினான். நானும் மோவும் கேட்டோம். அதுவே கடைசி. அந்த மட்டில் அது வீண்போகவில்லை.

நேற்று அறுவை நல்லபடியாக முடிந்தது என்றாய். சந்தோஷம். விழித்ததும் சிலேட்டில் என்ன எழுதினான் என்று நீதானே ஃபோனில் படித்துக் காட்டினாய்? 'பெடல் பழசு. ஒட்டிக்கிச்சு. நைஜலத் திட்டாத.' பார்த்தாயா? அவன் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறான். நீ ஏன் அழுகிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சரி. நீ கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். டேப்பை வேண்டுமென்றே மாற்றியவன் நான். மைக்கை வேண்டுமென்றே அடைத்தவன் நான். ஆட்ரியன் கோல்டிங் இசைத்தட்டில் ஒவ்வொரு வரியையும் தானே பாடினான். நீ இதைப் பத்திரிகைக்குக் கொடு, ரேடியோவுக்குக் கொடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்மை வெளியே வர வேண்டியதுதான். அன்று டிவியில் ஒரு கோடிப் பேர் கேட்டது என் குரலை, முப்பத்தொன்பது வருடம் மண்டபம் மண்டபமாக மக்கள் கை தட்டியது, என் குரலுக்கு என்பதை மட்டும் தெளிவாக எழுதச் சொல். பெயரில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்.

அந்தப் பழைய டேப்பை ஃபோனில் ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னாயே, பதிவை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை அதைப் போடு. ஆரம்பத்தில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டாவது சரணம் வரும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டு, ஹெதர். அதில் நான் ஓர் இடத்தில்கூடச் சுதி விலகவில்லை.